தீப்பொறி தந்த கெட்டரிங்

சாவியைத் திருப்பினால் கார் புறப்படுகிறது. இதில் என்ன வியப்பு என்று நாம் கேட்கலாம். ஆனால் 1910-ஆம் ஆண்டுவாக்கில் கார் வைத்திருந்தவர் அதன் முன்னால் குனிந்து நின்று, இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுழற்ற வேண்டும். சுழற்றினாலும் எஞ்சின் உயிர்பெறும் என்பதற்கு உறுதி கிடையாது. தீப்பொறி நேரம் தவறி விழுந்தாலோ, கைப்பிடி எதிர்த்திசையில் திருப்பியடித்து மணிக்கட்டை முறித்துவிடும்.

நம்பமுடியாத தீப்பொறி, ஆபத்தான கைப்பிடி ஆகிய இவ்விரண்டு இடர்களையும் நீக்கிய பெருமை சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியியலாரைச் சேரும். எடிசனையும் ஃபோர்டையும் அறிந்த அளவிற்கு நாம் இவரை அறிந்திருக்கவில்லை. ஆயினும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்துப் பெட்ரோல் கார்களுள் பெரும்பாலானவை இவர் வழிவந்த முறையிலேயே தீப்பொறி பெற்றன. குறை எங்கே இருக்கிறது என்று தேடுவதில் அவர் கையாண்ட முறை எந்தத் துறை மாணவர்க்கும் பயன்படக் கூடியது. அம்முறையை அவரே ஓரிடத்தில் கைவிட்டதும், அதனால் உலகிற்கு நேர்ந்த தீங்கும் நாம் அறியவேண்டிய பாடங்களாகும்.

இளமையும் கல்வியும்

கெட்டரிங் 1876-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், ஒகையோ மாநிலத்தின் லௌடன்வில் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணை வீடொன்றில் பிறந்தார். படிப்பில் ஆர்வம் மிகுதி. கண்பார்வையோ மிகக் குறைவு. பள்ளிப்படிப்பு முடிந்ததும் கிராமப் பள்ளியில் ஆசிரியராகச் சிலகாலம் பணியாற்றினார். பின்னர் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால் கண் நோய் முற்றியதால் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தது.

படிக்க முடியாத அந்த இளைஞர் தொலைபேசிக் கம்பெனியின் வேலையாளாகச் சேர்ந்தார். கம்பம் நட்டு, கம்பி இழுத்து, விரைவிலேயே அக்குழுவின் தலைவராகவும் ஆனார். திறந்த வெளியில் செய்த உடலுழைப்பு அவருடைய கண்களுக்கு ஓய்வு தந்தது. அதைவிட மேலான ஒரு பயிற்சியையும் அவ்வேலை அவருக்கு அளித்தது எனலாம். தொலைபேசி பேசவில்லை என்றால் கருவியைக் குறைகூறிப் பயனில்லை. கம்பத்திற்குக் கம்பம் நடந்து, ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்து, துருப்பிடித்த முடிச்சு எது, அறுந்த கம்பி எது, மண்ணோடு சேரவேண்டிய கம்பி சேர்ந்திருக்கிறதா என்று கடைசிவரை போய்ப் பார்க்கவேண்டும். வாழ்நாள் முழுவதும் அவரோடு நின்ற பழக்கம் இதுவே. பிற்காலத்தில் அவருக்கு மனைவியாக வாய்த்த ஆலிவ் வில்லியம்ஸ் அம்மையாரும் அந்நாளில் அவர் பணிபுரிந்த ஆஷ்லண்டு நகரத்தவரே.

கண்நோய் தணிந்ததும் மீண்டும் பல்கலைக்கழகம் சென்றார். நண்பர்கள் பாடங்களை வாய்விட்டுப் படிக்க, இவர் காதால் கேட்டுக் கற்றார். 1904-இல் மின் பொறியியலில் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 27. இத்தனை தடைகளுக்கிடையே பெற்ற பட்டம் என்பதை நம் மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

பணப்பெட்டியிலிருந்து காருக்கு

அதே ஆண்டில் டேட்டன் நகரிலிருந்த நேஷனல் காஷ் ரிஜிஸ்டர் கம்பெனி அவரைப் பணியில் அமர்த்தியது. கடைகளில் பணம் வாங்கிப் பதியும் இயந்திரத்தை அதுவரை கையால் சுழற்றி இயக்கிவந்தனர். அதற்கு மின் மோட்டார் பொருத்தும் பணி கெட்டரிங்கிடம் வந்தது. பெட்டிக்குள் அடங்கும் அளவிற்குச் சிறிய மோட்டாருக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வரும் என்பதே சிக்கல். நாள் முழுவதும் ஓடும் மோட்டார்தான் பெரிதாக இருக்கவேண்டும். ஓரிரு நொடி மட்டும் ஓடி நிற்கும் மோட்டார் சிறிதாக இருந்தும் பெருவலி காட்டலாம், சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பதை அவர் உணர்ந்து செயல்படுத்தினார். இந்தச் சிறு உண்மை பின்னர் கார் உலகையே மாற்றியது.

அக்கம்பெனியில் மேலதிகாரியாக இருந்த எட்வர்டு டீட்ஸ் என்பவர் தம் வீட்டின் பின்புறத்துக் கொட்டகையை ஆய்வுக்கு ஒழித்துக் கொடுத்தார். பகலெல்லாம் கம்பெனி வேலை; இரவிலும் விடுமுறை நாட்களிலும் கொட்டகையில் கார் வேலை. உடன் பணியாற்றிய சில நண்பர்களும் சேர்ந்துகொண்டனர். கொட்டகைக் கூட்டம் என்றே அவர்களுக்குப் பெயர் வழங்கலாயிற்று. பெரிய ஆய்வுக்கூடமோ, அரசின் நிதியோ இல்லாமல், வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே அப்பெரும்பணி தொடங்கியது.

ஒற்றைத் தீப்பொறி

அக்காலக் கார்கள் சிலவற்றில் உலர் மின்கலங்களிலிருந்து தீப்பொறி பெற்றனர். அதிரும் தகடு ஒன்று ஓயாமல் இணைப்பைத் துண்டித்துத் துண்டித்துச் சேர்க்க, பொறிகள் மழையாகப் பொழிந்தன. மின்கலம் விரைவில் தீர்ந்தது. எந்தப் பொறி பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் என்பதும் உறுதியில்லை. கெட்டரிங் இதனை மாற்றி, தேவையான கணத்தில் வலுவான ஒரே ஒரு பொறி மட்டும் எழுமாறு அமைத்தார். மின்கலமும் நெடுநாள் உழைத்தது. காடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்டு இதனைக் கண்டு, 1910-ஆம் ஆண்டின் கார்களுக்காக 8,000 கருவிகள் வேண்டுமென்று 1909-இல் கேட்டார். கெட்டரிங் வேலையை விட்டார். டேட்டன் பொறியியல் ஆய்வுக்கூடக் கம்பெனி பிறந்தது. அதன் ஆங்கில முதலெழுத்துகளே டெல்கோ என்னும் பெயராயின.

இம்முறை படிப்படியாகச் செம்மையுற்ற வடிவத்தை இங்குச் சுருக்கமாக விளக்குவோம். இக்னிஷன் காயிலில் இரண்டு சுருள்கள் உள்ளன. ஒன்றில் சில நூறு சுற்றுகள். மற்றதில் பல்லாயிரம் சுற்றுகள். பாட்டரியின் மின்னோட்டம் முதற்சுருளில் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் திறந்ததும் மின்னோட்டம் அறுபடுகிறது. காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. இரண்டாம் சுருளில் 15,000 வோல்ட்டுக்கும் மேலான அழுத்தம் எழுகிறது. அது ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்டும்போது பொறி பிறக்கிறது. பாயிண்டிலேயே பொறி பறந்து அது தீய்ந்துபோகாமல் காப்பது கண்டென்சர். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும்போது நொடிக்கு 100 பொறிகள் வேண்டும். ஒவ்வொன்றும் உரிய நேரத்தில் விழவேண்டும்.

அந்த உரிய நேரத்தைத்தான் டைமிங் என்கிறோம். பெட்ரோல் ஆவி எரிந்து முடியச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பொறி விழவேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முன்னதாக விழவேண்டும். அந்நாளில் ஸ்டியரிங் சக்கரத்தருகே இருந்த நெம்புகோலைக் கையால் நகர்த்தியே இதைச் செய்தனர். எஞ்சினைக் கையால் சுழற்றும்போது நேரத்தைப் பின்தள்ளி வைக்க ஓட்டுநர் மறந்தால், பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே ஆவி வெடித்து அதனைக் கீழே தள்ளும். கைப்பிடி திருப்பியடிப்பது இதனால்தான்.

கைப்பிடியை ஒழித்த மோட்டார்

கார் உற்பத்தியாளரான பைரன் கார்ட்டர் என்பவர், வழியில் நின்றுபோன காரொன்றைச் சுழற்றி உதவப்போய்க் கைப்பிடி தாக்கி இறந்தார் என்றும், அவருடைய நண்பரான லேலண்டு மனம் வருந்தி, இதற்கு முடிவு கட்டுமாறு கெட்டரிங்கைக் கேட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையின் விவரங்கள் எவ்வாறாயினும், கைப்பிடியால் கை முறிந்தவர்கள் பலர் என்பது உண்மை.

எஞ்சினைச் சுழற்ற வேண்டுமானால் எஞ்சின் அளவிற்குப் பெரிய மின் மோட்டார் வேண்டும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். பணப்பெட்டியில் கற்ற பாடம் கெட்டரிங்கின் கையில் இருந்தது. சில நொடி மட்டும் இயங்கும் சிறிய மோட்டார் போதும் என்றார். அம்மோட்டாரே, எஞ்சின் ஓடத் தொடங்கியபின் ஜெனரேட்டராக மாறிப் பாட்டரிக்கு மின்னேற்றும். அதே பாட்டரி தீப்பொறிக்கும் விளக்குகளுக்கும் மின்சாரம் தரும். 1911-இல் செய்து காட்டப்பட்ட இந்த அமைப்பு 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. உடல்வலி குன்றியோரும் பெண்களும் பிறர் துணையின்றிக் கார் ஓட்ட வழி பிறந்தது.

இதனால் காருக்குள் ஒரு புதிய உலகமும் உண்டாயிற்று. பாட்டரி, மோட்டார், விளக்கு, காயில் அனைத்தும் கம்பிகளால் பிணைக்கப்பட்டன. கம்பி மிகுந்தால் இணைப்பு மிகும். இணைப்பு மிகுந்தால் தொல்லையும் மிகும். தொலைபேசிக் கம்பத்தில் ஏறிய இளைஞரின் பயிற்சி இனி ஒவ்வொரு கார் உரிமையாளருக்கும் தேவையாயிற்று.

வீட்டு வாசலில் ஓர் ஆய்வுக்கூடம்

நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர், பிரீமியர் பத்மினி கார்களின் பெட்ரோல் எஞ்சின்கள் பாயிண்ட் வைத்த இம்முறையிலேயே இயங்கின. பழைய கார்களைப் பேணுவோர் வீட்டிலேயே குறை காண்பதற்குக் கெட்டரிங்கின் வழி ஏற்றதாகும். சந்தேகப்பட்ட பொருளை மாற்றுவதற்கு முன் கம்பியைத் தொடர்ந்து போய்ப் பார்க்கவேண்டும்.

ஸ்டார்ட்டர் சுழலவில்லை என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரிகிறதே, ஆகவே பாட்டரியும் இணைப்பும் சரி என்று முடிவு கட்டுவது பெருந்தவறு. பாட்டரி முனையில் பூத்துள்ள வெண்பச்சைத் தூளால் 0.05 ஓம் தடை உண்டாகியிருப்பதாகக் கொள்வோம். விளக்கிற்கு 4 ஆம்பியர் போதும்; ஓம் விதிப்படி இழப்பு 0.2 வோல்ட்தான். விளக்கு நன்றாகவே எரியும். ஸ்டார்ட்டருக்கு 100 ஆம்பியர் வேண்டும். அப்போது இழப்பு 5 வோல்ட். பன்னிரண்டில் ஏழுதான் மிஞ்சும். மோட்டார் முனகி நின்றுவிடும். புதிய பாட்டரி வாங்கினாலும் அழுக்குப் படிந்த கவ்வியையே அதில் மாட்டினால் குறை தீராது. கவ்வியைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் பூசினால் போதும். கழற்றும்போது எர்த் கம்பியை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் தொடவேண்டும். எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையை மறந்துவிடக் கூடாது. மறைந்திருக்கும் குறைகள் பல அங்கேதான் இருக்கும்.

ஓடும் கார் மேடு பள்ளத்தில் மட்டும் விக்கி நின்றால், செருகு இணைப்புகளைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் நிற்கும்போது ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துப் பார்க்கவேண்டும். இழுக்கும்போது கம்பியைப் பிடிக்காமல் அதன் தலையைப் பிடிக்கவேண்டும். பச்சை பூத்த முனை, தளர்ந்த பிடி, உறைக்குள்ளேயே அறுந்த இழை ஆகிய மூன்றும் பொதுவான குற்றவாளிகள். மழையில் மட்டும் தொல்லை தந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரமோ, மயிரிழை போன்ற வெடிப்போ இருக்கக்கூடும்.

டைமிங் தவறினாலும் அடையாளம் உண்டு. நேரம் பின்தங்கினால் எஞ்சின் வலுவிழந்து சூடேறும். முந்தினால் மேட்டில் ஏறும்போது உலோகத்தைத் தட்டுவது போன்ற ஒலி எழும். இங்கும் ஒழுங்குமுறை வேண்டும். பாயிண்டின் இடைவெளி கூடினால் அது முன்னதாகத் திறக்கும். குறைந்தால் தாமதமாகத் திறக்கும். ஆகவே இடைவெளியை முதலில் அளவு தகட்டால் சரிசெய்துவிட்டு, அதன் பிறகே டைமிங்கைத் தொடவேண்டும். பின்னர், காயிலின் தடித்த கம்பியைக் கழற்றி எஞ்சின் உடலோடு சேர்த்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, பாயிண்டுக்குச் செல்லும் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு சிறிய பல்பை இணைத்து, எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பினால், பாயிண்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். அப்போது எஞ்சினில் உள்ள குறி, காருக்குரிய கையேடு சொல்லும் பாகையில் நிற்கவேண்டும். நில்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிதளவு திருப்பினால் போதும்.

பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் கருவி வந்துவிட்ட புதிய கார்களில் டைமிங்கைக் கையால் மாற்ற இயலாது. ஆனால் அவற்றிலும் சென்சாரின் செருகு இணைப்பில் ஈரம் புகுந்தால் அதே விக்கல்தான். கருவி மாறினாலும் தேடும் முறை மாறவில்லை.

பழியும் ஆராய்ச்சியும்

டெல்கோவின் புகழ் பரவியபோது பழி ஒன்றும் எழுந்தது. அழுத்தம் மிகுந்த புதிய எஞ்சின்களில் தட்டும் ஒலி கேட்டது. பாட்டரித் தீப்பொறியே இதற்குக் காரணம் என்றனர் சிலர். டைமிங்கைப் பின்தள்ளினால் ஒலி அடங்கும். ஆனால் வலுவும் குறையும். கெட்டரிங் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. தாமஸ் மிட்ஜ்லி என்னும் இளம் பொறியியலாரிடம், எஞ்சினுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்கும் பணியை 1916-இல் ஒப்படைத்தார். சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தைப் படம்பிடித்தபோது, தட்டல் பொறிக்கு முன்னால் அன்று, பொறி விழுந்து எரியத் தொடங்கிய பின்னரே எழுகிறது என்பது தெளிவாயிற்று. ஆகவே பொறியின்மேல் குற்றமில்லை, எரிபொருளின்மேல்தான் குற்றம்.

எரிபொருளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினால் வெப்பத்தை நன்கு ஈர்க்குமோ என்று எண்ணி, கைக்குக் கிடைத்த அயோடினைக் கலந்தனர். தட்டல் நின்றது. பிற சிவப்புச் சாயங்களைக் கலந்தபோது நிற்கவில்லை. காரணம் நிறமன்று, பொருளே என்று தெரிந்தது. கருதியது தவறு, கிடைத்தது சரி! அதன்பின் பொருள் பொருளாகச் சோதித்து, 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயம் என்னும் கூட்டுப்பொருளைக் கண்டனர். மிகச் சிறிதளவு கலந்தாலே தட்டல் முழுவதும் அடங்கிற்று.

தொடராமல் விட்ட கம்பி

ஈயம் நஞ்சு என்பது பழங்காலந்தொட்டு அறிந்த செய்தி. ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் குறையும் என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அது மிகுதியாகத் தேவைப்பட்டது. ஈயம் மலிவு, காப்புரிமை பெறவும் இயன்றது. 1924-இல் இதற்கெனத் தொடங்கிய எத்தில் கம்பெனிக்குக் கெட்டரிங்கே தலைவரானார். அதே ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சியில் அப்பொருளைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி இறந்தனர். 1925-இல் அரசு மருத்துவத்துறை கூட்டிய கூட்டத்தில் ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவ அறிஞர்கள் எச்சரித்தனர். கெட்டரிங் ஈயத்தின் பக்கமே நின்றார். சிறிது காலம் நிறுத்தப்பட்ட விற்பனை மீண்டும் தொடங்கியது.

அதன்பின் உலகத்துக் கார்கள் பல பத்தாண்டுகள் ஈயப் புகையைக் கக்கின. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது என்பது பின்னாளில் ஐயமற நிறுவப்பட்டது. அமெரிக்கா 1996-இல் சாலை வாகனங்களுக்கு அதனை முற்றிலும் தடை செய்தது. இந்தியா 2000-இல் கைவிட்டது. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது.

ஒவ்வொரு குறையையும் கடைசி இணைப்பு வரை தொடர்ந்த அறிஞர், இங்குப் புகைக்குழாயோடு நின்றுவிட்டார். எஞ்சினின் தட்டல் தீர்ந்தது. ஆனால் குழாயைவிட்டு வெளியேறிய ஈயம் யார் மூச்சில் சேர்கிறது என்று தொடரவில்லை. அவரது வாழ்வை எழுதுவோர் மறைக்கக் கூடாத பகுதி இது.

பிற்கால வாழ்வு

டெல்கோ 1916-இல் விற்கப்பட்டு, பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியுடன் சேர்ந்தது. அக்கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவராக 1947 வரை கெட்டரிங் விளங்கினார். எல்லாமே வெற்றியாகவில்லை. செப்புத் தகடுகளால் குளிரூட்டிய செவ்ரோலே கார் 1923-இல் படுதோல்வியுற்றது. 1933-இல் சிகாகோ பொருட்காட்சியில் வைத்த டீசல் எஞ்சின்கள் பகலில் ஓடி இரவில் பழுதுபார்க்கப்பட்டன. அப்பணியில் அவருடைய மகன் யூஜினும் இருந்தார். அப்படிப் பழுதுபார்த்துப் பார்த்தே அந்த எஞ்சின் அமெரிக்க இரயில்களை இழுக்கும் அளவிற்கு வளர்ந்தது. 1945-இல் நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஸ்லோனுடன் இணைந்து அவர் பெயரில் நிலையம் தோன்றியது. மறு ஆண்டே ஆலிவ் அம்மையார் புற்றுநோயால் மறைந்தது விதியின் கொடுமையே. 186 காப்புரிமைகளுக்கு உரியவரான கெட்டரிங் 1958 நவம்பரில் தம் 82-ஆம் வயதில் காலமானார்.

பெரியோர் வாழ்வைப் படிப்பது வியந்து கைகூப்புவதற்காக மட்டும் அன்று. கெட்டரிங்கிடம் நாம் கற்கவேண்டியவை இரண்டு. பழி சொல்லுமுன் திறந்து பார். குறை தீர்ந்தது என்று மகிழுமுன் அதன் விளைவு எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார். முதலாவதை அவர் செய்து காட்டினார். இரண்டாவதை அவர் செய்யாமல் விட்டதற்கு உலகக் குழந்தைகள் விலை கொடுத்தனர். நாளை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பொறுப்பேற்கப்போகும் நாம், இவ்விரண்டையும் சேர்த்தே கடைப்பிடிப்போமாக!